விரல் எடுத்தும் மாறாத சிவப்பு

வகுப்பில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்திநான்கு வயதில் நர்சிங் முதலாண்டு படிக்க வந்தவளை வேறெப்படிக் கூப்பிடுவது? அந்தப் புதன்கிழமை கடைசி வகுப்பில் ஆசிரியை பலகையில் ஒரு செல்லை வரைந்து, மெல்லிய உறை, நடுவே உட்கரு, சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குக் கண் சொருகியது.

"ரத்தம் வரலைன்னா ஆக்சிஜன் இல்ல. ஆக்சிஜன் இல்லைன்னா சக்தி இல்ல. உப்பை வெளிய தள்ளுற பம்பு நின்னுடும். உப்பும் தண்ணியும் உள்ள புகுந்து செல் வீங்கும். அந்தக் கட்டத்துல ரத்தம் திரும்பி வந்துட்டா பிழைச்சுக்கும். உறையே கிழிஞ்சா அவ்வளவுதான், திரும்ப வழி இல்ல. கடைசி பெஞ்சு, கேக்குதா?"

"கேக்குது மேடம்."

கேட்டதென்னவோ நிஜம். போன முறை இந்தப் பாடத்தில்தான் அவள் கோட்டைவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மறுதேர்வு.

பஸ்ஸில் நின்றபடியே வந்து வீடு சேர்ந்தபோது மணி ஐந்தரை. முன்னறையில் கணவன் கழுத்தில் டேப்போடு பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தான். உள்ளறையில் மாமனார். ஆயுசெல்லாம் லாரி ஓட்டியவர். நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் குசும்பு குறையவில்லை.

முகம்கூடக் கழுவாமல் விரிப்பை மாற்றப் போனாள். அவரை ஒருக்களித்துத் திருப்பியதும் முதுகுத்தண்டின் அடியில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி, மூன்று எண்ணி, எடுத்தாள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லை. இன்னொரு முறை அழுத்தினாள். அப்படியே இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் வாங்க. மத்தியானம் மாமாவைத் திருப்பிப் போட்டீங்களா?"

"போட்டேனே."

"எத்தனை தடவை?"

கணவன் டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டான். கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அவன் புளுகுறான். காலைல நிறுத்தின வண்டி, இன்னும் எடுக்கல."

திட்ட வேண்டும் என்று தோன்றியது. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. அவள் கணவனின் கையைப் பிடித்து, விரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"இப்ப எடுங்க. நிறம் மாறுச்சா?"

"இல்ல. சிவப்புதானே, எண்ணெய் போட்டுத் தேய்ச்சா சரியாயிடும்."

"தேய்க்கக் கூடாது! மேல தோல் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல சதை நசுங்கி, ரத்தம் போகாம உள்ள செத்துக்கிட்டு இருக்கலாம். இன்னிக்குத் தெரியாது. ரெண்டு மூணு நாள்ல தெரியும்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "நாளைக்குள்ள நாப்பது சட்டை குடுக்கணும். ஒரே உட்காரலா உட்கார்ந்துட்டேன். அப்பா, ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

"மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சுடா" என்றார் கிழவர். "ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்தறது?"

அவள் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அப்புறம் அவளே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானும் புத்தகத்தை வச்சுக்கிட்டே தூங்கிட்டேன். நாலு மணி நேரம். யாருகிட்டயும் சொல்லல."

கணவன் அவளைப் பார்த்தான். தலையணையை எடுத்து அப்பாவின் முதுகுக்கு அண்டக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை தோல் பிரிந்தது. ஒரு கொப்புளம் உடைந்து, அடியில் ஈரமான பள்ளம். வீட்டுக்கு வந்த வட்டார நர்ஸ் கட்டுப்போட்டுக் காட்டிவிட்டுப் போனபோது தேர்வு தொடங்க அரைமணிதான் இருந்தது. இருபது நிமிடம் தாமதமாகப் போய் உட்கார்ந்தாள். மீளக்கூடிய செல் காயத்துக்கும் மீளாத காயத்துக்கும் என்ன வேறுபாடு என்பது மூன்றாவது கேள்வி. பேனா நிற்காமல் ஓடியது. பம்பு, வீக்கம், கிழிந்த உறை, சிதைந்த உட்கரு. எழுத எழுத அந்தப் பள்ளம்தான் கண்ணுக்குள் நின்றது. கடைசிக் கேள்விக்கு வரும்போது மணி அடித்துவிட்டது.

படுக்கைப்புண் ஆறப் பதினோரு வாரம் பிடித்தது. முதல் மாதம் ஆறுவதுபோல் காட்டிவிட்டு மறுபடியும் கசிந்தது. கணவன் தையல் மெஷினைப் பெயர்த்து உள்ளறைக்கே கொண்டுவந்தான். சத்தம் காதைத் துளைத்தது. மாமனார் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திருப்பிப் போடுவது சில நாள் அப்படியும் தவறியது. தவறியபோது அவனே சொல்லிவிட்டான். அவளும் சொன்னாள். சண்டை போட இருவருக்கும் நேரமில்லை.

தேர்வு முடிவு ஒரு சனிக்கிழமை வந்தது. ஐம்பது எடுத்தால் பாஸ்; அவளுக்கு ஐம்பத்திரண்டு. நூற்றுக்கு நூறு எடுத்தவள்போல் முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பாஸ் மாமா. மயிரிழைலதான்."

"நான் லைசென்ஸ் வாங்கினது மூணாவது தடவை" என்றார். "அப்புறம் எவன் கேட்டான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொட்டாவியும். சட்டைக்கையை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி, இடது பக்கம் திரும்பலாம். கையை என் தோள்ல போடுங்க."