இரண்டு பேர் உட்காரும் தறி

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் நான் நிரப்பாமல் விட்ட கட்டத்திலிருந்து வந்தது. ‘நோயாளியுடன் நெருங்கிப் பழகுவோர் அனைவரும் பரிசோதிக்கப்பட்டனரா?’ என்று கேட்கிற கட்டம். நான் காஞ்சிபுரத்தில் காசநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவன். பைக்கில் வீடு வீடாகப் போய், மாத்திரை சாப்பிட்டார்களா என்று பார்ப்பது என் பிழைப்பு. கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு. அந்தக் கட்டத்தில் ஆமாம் என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை. சரி, கதையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். அதுவும் சட்டப்படி சரியா என்று தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘ஓர் அரிசி ஆலையில் வேலை செய்த பெண்ணுக்குக் காசநோய் என்று…’

(அடித்தாயிற்று. ஆளை மறைக்கத்தான் ஆலைக்குக் கொண்டுபோனேன். ஆலையில் முப்பது பேர். முப்பது பேரையும் சோதித்தால் நோய் யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. பிரச்சினையும் இல்லை, கதையும் இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: ‘பட்டு இழை போல மெலிந்திருந்தாள் காந்தா…’

(சீ! பதினெட்டு வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறவன் எழுதுகிற வரியா இது?)

ஆகவே உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் காந்தாவின் வீட்டில் ஒரு தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்கிற தறி. அதற்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் காந்தா, முழங்கை இடிக்கிற தூரத்தில், கரை இழை ஓடுகிற நாடாவைத் தள்ளக் கூலிக்கு வருகிற சங்கீதா. நோய் காந்தாவுக்கு. சங்கீதாவின் மகள் அனுவுக்கு ஒன்றரை வயது. இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. தறிக்குப் பக்கத்திலேயே தூளியில் தூங்கும்.

(பெயர்கள் மூன்றும் பொய். தெருவும் பொய்யாக இருக்கலாம். தேடிக்கொண்டு போகாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.)

3

காசநோயை அரசாங்கத்துக்குத் தெரிவிக்காவிட்டால் தப்பு. நோயாளியின் பெயரை அடுத்தவரிடம் சொன்னாலும் தப்பு. கூட இருப்பவர்களைச் சோதிக்காவிட்டால் நான் கடமை தவறியவன். பயிற்சி வகுப்பில் இதற்கென்று ஒரு வாக்கியம் கொடுத்தார்கள்: ‘உங்களுக்கு நெருக்கமான ஒருவருக்கு நோய் இருக்கிறது; யாரென்று சொல்ல இயலாது.’ இதை எழுதிய மகராசன் கோர்வைத் தறியைப் பார்த்ததே இல்லை. சங்கீதா காலையிலிருந்து சாயங்காலம் வரை நெருக்கமாக உட்காருவது ஒரே ஒருத்தி பக்கத்தில்தான்.

காந்தாவிடம் அனுமதி கேட்டேன்.

“வேணாம் சார். தெரிஞ்சா நாளைக்கே நின்னுடுவா. அப்புறம் என் பக்கத்துல யாரு வந்து உக்காருவா? ஒண்டியா நெய்யிற தறியா இது?”

“குழந்தை இருக்குதேம்மா.”

“கொஞ்ச வாரம் மாத்திரை போட்டா அடுத்தவங்களுக்குப் பரவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? போட்டுக்கினுதானே இருக்கறேன்?”

சொன்னது நான்தான். ஆனால் மாத்திரைக்கு முன்னால் மூன்று மாதம் இருமியிருக்கிறாளே.

4

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். தெருவுக்கே பரிசோதனை என்று சொல்லி எட்டு வீடுகளில் சளி டப்பா கொடுத்தேன். காந்தாவுக்கும் ஒன்று, சும்மா ஒப்புக்கு. அவளும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாங்கிக்கொண்டாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு போய் டீ குடித்தேன்.

சங்கீதாவுக்கு ஒரு வாரமாகச் சளி, இருமல். டப்பாவைப் பார்த்ததும் நோய் தனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அன்றைக்கே குழந்தையை ஏனாத்தூரில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். மூன்றாம் நாள் நான் போனபோது, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது.

“பால் கட்டிக்கினு உயிர் போவுது சார். ரிசல்ட் எப்போ வரும்? என்னால அக்காவுக்கும் ஒட்டிக்கினு இருக்குமோன்னு வேற பயமா இருக்குது.”

(இங்கே காந்தா, “எனக்குத்தான்டி” என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுவதாக எழுதியிருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. தலையைக் குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். அவள்மேல் வந்த கோபத்தில் பத்து நாள் இந்தக் கதையைத் தொடவில்லை. அவள் கெட்டவளில்லை. பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.)

5

ரிசல்ட் வந்தது. சங்கீதாவுக்கு நோய் இல்லை. சொன்னதும் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு ஏனாத்தூருக்கு ஆட்டோ பிடித்தாள்.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. நிறுத்த முடியவில்லையே! நோயாளியின் பக்கத்தில் வளர்ந்த சின்னக் குழந்தைக்கு, நோய் இல்லாவிட்டாலும், இனி வராமலிருக்க ஆறு மாதம் தினமும் மாத்திரை கொடுக்க வேண்டும். அந்த வயதில் வந்தால் மூளை வரைக்கும் போகும். அப்படி ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறேன். அதை எழுத என்னால் ஆகாது.

முடிவு அ: சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். (பெற்றவளிடம் ஆறு மாதம் பொய்யா? இரண்டாம் மாதம் ‘சத்து போதும்’ என்று அவளே நிறுத்திவிட்டால்?)

முடிவு ஆ: நான் சொல்லிவிடுகிறேன். சங்கீதா நின்றுவிடுகிறாள். தெருவுக்கே தெரிகிறது. காந்தா என்னை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாள், மாத்திரையையும் நிறுத்திவி

(வேண்டாம்.)

முடிவு இ: மேலதிகாரியைக் கேட்கிறேன். “விதிப்படி செய்யுங்க” என்கிறார். (இதை எழுதக் கற்பனையே தேவைப்படவில்லை.)

6

மறுநாள் காலை சங்கீதா அனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு தறிக்கு வந்தாள். குழந்தை அவள் தாலிக்கயிற்றை விடாமல் பிடித்திருந்தது. காந்தா ஏற்கெனவே உட்கார்ந்து தறியை மிதித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் காத்திருந்த நான் சங்கீதாவிடம் சொன்னேன்:

“பாப்பாவை டாக்டர்கிட்ட காட்டணும்மா. அப்புறம் ஆறு மாசம் மாத்திரை கொடுக்கணும்.”

சங்கீதா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

“எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னுட்டீங்களே சார். அப்புறம் பாப்பாவுக்கு எதுக்கு மாத்திரை?”

தறிச் சத்தம் நின்றது. காந்தா என்னைப் பார்த்தாள்.

எனக்கு அலுத்துவிட்டது. எதைச் சொன்னாலும் ஒருத்தியிடம் தப்பு செய்தவன்தான். இந்தப் பதிலை நீங்கள் சொல்லுங்கள், இடம் விட்டிருக்கிறேன்:

[                                        ]

சீக்கிரம் சொல்லுங்கள். காந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமலை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அது அடங்கியதா இல்லையா என்று எழுத மாட்டேன். எழுதினால், நான் சொன்னதாக ஆகிவிடும்.