மங்களத்தின் பாட்டும் பூட்டிக்கொண்ட டிஸ்க்கும்

சிங்கப்பூர் தோ பாயோவில் அந்த மூவறை வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு குடித்தனம். மங்களம் விண்டோஸில் இருந்தாள். அவள் கணவர் அங்கமுத்து, ரிட்டயர் ஆன கையோடு, யார் பேச்சைக் கேட்டாரோ, லினக்ஸுக்குப் போய்விட்டார். பாட்டு மட்டும் இருவருக்கும் பொது. டிஸ்க்கில் அதற்கென்று ஒரு பகுதியை அவர் ஒதுக்கி வைத்திருந்தார். எந்தப் பக்கம் திறந்தாலும் அதே பாட்டுகள் கிடைக்கும்.

அந்த வாரம் முழுக்க மனுஷன் நச்சரித்துவிட்டார்.

"ஒழுங்கா ஷட் டவுன் பண்ணு மங்களம். நீ எதையும் மூடாம ஹைபர்னேட் போட்டுட்டுப் போயிடுற. டிஸ்க் பூட்டிக்குது. என் பக்கத்துல பாட்டு கேக்கத்தான் முடியுது, புதுசா ஒண்ணும் போட முடியல."

"கேட்டா போதும்லா. ஷட் டவுன் பண்ணா நான் திறந்து வச்சதெல்லாம் மூடிக்கும்."

அவள் எரிச்சலுக்குக் காரணம் வேறு. சனிக்கிழமை சாயங்காலம் சமூக மன்றத்துத் தீபாவளி நிகழ்ச்சியில் அந்தப் பொதுப் பகுதியில் இருக்கும் கரோக்கே இசைக்கு அவள் பாட வேண்டும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் மேலே ஏறுவேனா என்றது. சரணத்தின் உச்சத்தில் தொண்டை கையை விரித்துவிடும். அந்த அடுக்குமாடி புளோக்கில் பாட்டு என்றாலே மங்களம்தான் என்று பெயர் வாங்கியவள் இதை எந்த வாயால் சொல்வாள்? கணவரிடம்கூடச் சொல்லவில்லை. நிகழ்ச்சியை நடத்தும் நஃபீசாவுக்கு, ஜலதோஷம் என்று மெசேஜ் அனுப்பிவிடலாம் என்று அன்று காலை முடிவே செய்துவிட்டாள்.

அங்கமுத்து பசியாறப் பிராட்டா வாங்கக் கீழே போயிருந்தார். கம்ப்யூட்டரில் அவர் பக்கம் திறந்தபடியே கிடந்தது. 'இந்த டிஸ்க்கில் எழுத முடியாது' என்று திரையில் ஓர் எச்சரிக்கை. அடியில் ஒரு ஃபைல், அவள் பாட்டின் அதே பெயரில். தட்டிக் கேட்டாள். அதே இசை, ஆனால் சுருதி ஒரு கட்டை இறங்கியிருந்தது.

அடப்பாவி மனுஷா! அவள் பாடிப் பழகும்போதெல்லாம், அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் குரல் தடுமாறுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரா? பழைய இசை இருந்த இடத்தில் சத்தமில்லாமல் இதை வைத்துவிட்டால், குரல் திரும்பிவிட்டது என்று அவள் நம்பிவிடுவாள். பென்டிரைவில் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். அதற்குத்தான் இத்தனை நச்சரிப்பும். மங்களத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதர்மேல் இன்னும் இவ்வளவு ஆசை மிச்சம் இருக்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தன் பக்கத்துக்குப் போய், திறந்து வைத்ததையெல்லாம் மூடி, முறையாக ஷட் டவுன் செய்தாள்.

"பண்ணிட்டேன், போதுமா?" என்றாள், அவர் உள்ளே வந்ததும்.

"நெஜமாவா?"

பிராட்டா பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுக் கம்ப்யூட்டரிடம் ஓடினார். தன் பக்கத்தை யார் மூடியது என்றுகூட அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவள் வேண்டுமென்றே அடுப்படியில் மெதுவாகச் சாப்பிட்டாள்.

"மங்களம், சும்மா ஒரு தடவ பாடிப் பாரேன்."

விண்டோஸைத் திறந்து, அதே இடத்தில் அதே பெயரைத் தட்டிப் பாடினாள். சரணம் தடுமாறாமல் போனது. உச்சத்தில் மட்டும் லேசாக இழுத்தது.

"பாத்தியா! குரல் திரும்பிடுச்சு. நான் சொல்லல?" ஒன்றும் அறியாத பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உச்சத்துல என்னால முடியலங்க," என்றாள் மங்களம். "இன்னும் ஒரு அரைக் கட்டை இறக்குங்களேன். இருங்க, ஷட் டவுன் பண்ணித் தர்றேன்."