கனகலட்சுமி குடித்த காப்பி

கனகலட்சுமி செத்துப்போன அன்றைக்கும் பாண்டியராஜன் மொட்டைமாடிக்குப் போய்க் காப்பிப் பழத்தைக் கிளறிவிட்டார். கீழே தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறது, சொந்தபந்தம் வந்து குவிந்திருக்கிறது. மனிதர் மாடியில் பலகையை வைத்துப் பழத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். பார்த்தவர்கள் பேசாமலா இருப்பார்கள்? கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள், புத்தி பேதலித்துவிட்டது பாவம் என்றார்கள். இரண்டும் இல்லை. அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அவ்வளவுதான். மணிக்கு ஒரு தரம் புரட்டாவிட்டால் பழம் பூசணம் பூத்துவிடும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

மதுரை ஆனையூரில் அவர் வைத்திருப்பது காப்பித்தூள் கடை. வருஷம் முழுக்க விற்பது எல்லாக் கடையிலும் கிடைக்கிற தூள்தான். ஆனால் தை பிறந்ததும் சிறுமலையிலிருந்து சுருளி நாலு மூட்டைப் பழம் இறக்குவார். சுருளியின் தோட்டத்தில் பலாவுக்கும் எலுமிச்சைக்கும் நடுவே அந்தக் காலத்துக் காப்பி மரங்கள் நிற்கின்றன. ஏணி வைத்துத்தான் பறிக்க வேண்டும், காய்ப்பதும் சொற்பம். பக்கத்துத் தோட்டங்களில் அவற்றை வெட்டிவிட்டுப் புது ரகம் வைத்துவிட்டார்கள். சுருளி வெட்டவில்லை. ரகத்தின் மேல் பாசமெல்லாம் கிடையாது, சோம்பேறித்தனம்தான் என்று அவரே சொல்வார்.

மலையில் அந்த மாதம் பனி மூடிக்கிடப்பதால் பழம் காயாது. மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழத்தை உரிக்காமல், கழுவாமல், தோலும் சதையுமாக இருபது நாள் மாடியில் போட்டால் சதையிலிருக்கிற இனிப்பு முழுக்கக் கொட்டைக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் தோலை நீக்கி வறுப்பது. அந்த டிகாக்‌ஷனில் பலாப்பழ வாசம் வரும். அதற்காகவே திருமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வாங்குகிறவர்கள் உண்டு.

இந்த வருஷப் பழத்தை மாடியில் பரப்பியது கனகலட்சுமி. ஐந்தாம் நாள் பழத்தைப் புரட்டிவிட்டு இறங்கி வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளைகுட்டி இல்லை. முப்பத்தொரு வருஷம் அவரும் அவளும்தான்.

அவர் அழவில்லை. சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாற்றின அன்றைக்கும் அழவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், குளிக்கச் சொன்னால் குளித்தார். மணிக்கு ஒரு தரம் மாடிக்குப் போனார், சாயங்காலமானால் பனி இறங்குமுன் தார்ப்பாயால் மூடினார். அவள் போன பதினைந்தாம் நாள் ஒரு கைப்பிடிப் பழத்தை எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை கிலுகிலுவென்றது. காய்ந்துவிட்டது.

கீழே இறங்கும்போது கனகலட்சுமியின் தங்கை அன்னக்கொடி தாளும் பேனாவுமாக நின்றாள். மறுநாள் பதினாறாம் நாள் காரியம். செத்தவளுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைக்க வேண்டும்.

"பணியாரம், கருவாட்டுக் கொழம்பு, சீனி மிட்டாய் எல்லாம் எழுதிட்டேன் மாமா. காப்பிக்கடைக்காரர் பொண்டாட்டி, காப்பி வைக்காம இருக்க முடியுமா? அக்கா எப்படிக் குடிக்கும்? சீனி எம்புட்டுப் போடணும்?"

பாண்டியராஜன் தாளை வாங்கிப் பார்த்தார். காப்பிக்குப் பக்கத்தில் எழுதாமல் இடம் விட்டிருந்தது.

ஊரில் யார் எப்படிக் காப்பி குடிப்பார்கள் என்று அவரைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். எதிர்வீட்டு வாத்தியாருக்கு சிக்கரி ஆகாது. ரேஷன் கடை வீரணனுக்குக் கால்வாசி சிக்கரி வேண்டும், இல்லாவிட்டால் தண்ணியாக இருக்கிறது என்பார். ஒருதடவை வாங்கிப்போனவருக்குக்கூட மறுதடவை கேட்காமல் பொட்டலம் போடுகிற ஆள். அவர் யோசித்துப் பார்த்தார். காலையில் கனகு டம்ளரைக் கொண்டுவந்து கொடுப்பாள். குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்பாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அரைச் சீனி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அது அவளுக்குப் போடுகிற இலை. அதிலும் தப்பாக வைப்பதா?

"நாளைக்குச் சொல்றேன் தாயி" என்று மறுபடியும் மாடிக்கே ஏறினார்.

பக்கத்து மாடியில் ஹம்சவேணி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சௌராஷ்டிரா குடும்பம், பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து வீடு. இரண்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டார்.

"ஏம்மா, கனகு காப்பிக்குச் சீனி எம்புட்டுப் போடும்னு ஒனக்குத் தெரியுமா?"

ஹம்சவேணி துணியை மடிப்பதை நிறுத்தினாள். "அவங்க காப்பி குடிக்க மாட்டாங்களேண்ணே."

"குடிக்காதா?"

"வாசம் பிடிக்கும். குடிச்சா நெஞ்செரிச்சலாயிரும்னு சொல்வாங்க. இந்தத் தோலு இருக்குல்ல, காய்ஞ்ச பழத்துத் தோலு, அதைத்தான் காய்ச்சிக் குடிப்பாங்க. கருப்பட்டியும் சுக்கும் போட்டு. மூணு மணிக்கு, நீங்க கடைக்குப் போனப்புறம். எனக்கும் இந்தச் சுவத்து மேல ஒரு டம்ளர் வச்சுட்டுக் கூப்பிடுவாங்க."

வருஷாவருஷம் அந்தத் தோலை மூட்டை கட்டி, உரத்துக்கு ஆகும் என்று சுருளியின் வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர் பாண்டியராஜன். மூட்டை குறைகிறதா என்று அவர் எங்கே பார்த்தார்?

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

"சொன்னாங்களாம்ணே. கல்யாணமான புதுசுல ஒங்களுக்கும் ஒரு டம்ளர் கொண்டாந்தாங்களாம். தோலைக் காய்ச்சிக் குடிக்க நான் என்ன மாடான்னு கேட்டீங்களாம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவு தேடியும் அப்படி ஒரு நாள் அகப்படவில்லை. ஆனால் சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. கடையில் நாளெல்லாம் பேசுகிற பேச்சுதானே அது. அவர் தார்ப்பாயை இழுத்துப் பழத்தை மூடினார். அப்போதும் நெஞ்சு மரத்துப்போய்த்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒரு படி பழத்தை உரலில் போட்டுப் பக்குவமாக இடித்தார். முறத்தில் புடைத்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கொட்டையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தோலைப் பொறுக்கினார். கழுவி, கொதிக்க வைத்து, சுக்கைத் தட்டிப் போட்டார். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வந்தது. பழக்கதோஷத்தில் கரண்டி உதடு வரைக்கும் போய்விட்டது. படைக்கிற பண்டத்தை எச்சில் பண்ணக்கூடாது என்று இறக்கிவிட்டார். நாக்கை வைத்தே பிழைத்தவர், நாக்கு இல்லாமல் இதைப் பண்ண வேண்டியிருந்தது.

"கருப்பட்டி எம்புட்டும்மா?" என்று மாடிச்சுவர் ஓரம் போய்க் கேட்டார்.

"ஒரு டம்ளருக்கு நெல்லிக்காயளவு" என்றாள் ஹம்சவேணி.

எம்புட்டு என்பது புது வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் அவர் கேட்கிற கேள்வி. கேட்க வேண்டியவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

இலை போட்டு, படத்துக்கு முன்னால் எல்லாம் வைத்தாயிற்று. அன்னக்கொடி டம்ளரை எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா இது, கசாயமா? அக்காவுக்குக் காப்பில்ல வைக்கணும்?"

"ஒங்கக்கா குடிக்கிறது இதுதான்."

"காப்பிதான குடிக்கும்?"

"இல்ல தாயி. எனக்கும் நேத்துத்தான் தெரியும்."

சூடம் காட்டி, காக்காய்க்கு வைத்து, காக்காய் வந்து எடுத்த பிறகு அவர் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் குடித்தார். இலந்தவடையின் புளிப்பு, பிறகு கருப்பட்டி, தொண்டையில் சுக்கு. எல்லாம் இறங்கிய பின் அடியிலிருந்து மெல்ல ஒரு பலாப்பழ வாசம். அவர் இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பெருமையாக விற்ற அதே வாசம்.

"நல்லாத்தான் இருக்கு கனகு" என்றார்.

வீடே திரும்பிப் பார்த்தது. அவர் கவனிக்கவில்லை. அவசரமில்லாமல் மிச்சத்தையும் குடித்தார். குடித்து முடித்ததும், முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில், திரும்பிப் பார்க்காமலே காலி டம்ளரைப் பக்கவாட்டில் நீட்டினார்.

நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.