திரஷ்வுட் மாளிகை, எண்ணெய் வண்ணம்

1

இது பக்கத்து வீட்டு டோரீன் சொன்ன கதை. நான் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் குடியேறிய புதிதில், வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள். பாதி அவளுடையது. மீதி நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏரிக்கரையில், பெரிய மரங்களின் நிழலில், கம்பீரமாக நின்றிருந்த அந்த மாளிகை…’

(விட்டுவிட்டேன். மாளிகையைச் சொந்தக்காரரே இடித்துப்போட்டுவிட்டார். அது ஓர் ஓவியத்தில் மட்டும்தான் நின்றது.)

2

சொந்தக்காரர் ஆம்ப்ரோஸ். வயதாகிக் கண் போனபின் தங்கை எனிட்டோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தார். கணப்புக்கு மேலே அந்த ஓவியம். மாலைத் தேநீர் குடித்து முடித்ததும் எனிட்டிடம் கேட்பார்.

“படத்துல என்ன இருக்கு, சொல்லு.”

“வாசப்படி. ஏரி. அன்னம் நீந்துது. மேல்மாடியில…”

“மேல்மாடி வேணாம். ஏரியச் சொல்லு.”

மேல்மாடி அறையில்தான் அவர்களின் அப்பா, அம்மாவைப் பூட்டி வைத்திருந்தார். பைத்தியம் என்று ஊருக்குச் சொன்னார். அம்மாவுக்குப் பைத்தியமில்லை, அவரை விட்டுப் போகப் பார்த்தாள், அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோனவர் ஆம்ப்ரோஸ். அப்போதே மீசை வைத்த ஆள். சாவி அவரிடம்தான் இருந்தது. தொலைவில் விடுதியில் படித்த எனிட் வந்து சேர்ந்தபோது அம்மாவைப் புதைத்து முடித்திருந்தார்கள்.

(ஆம்ப்ரோஸை அப்பாவுக்குப் பயந்தவராக எழுதிப் பார்த்தேன். அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. எழுதியதை அடித்தேன். பயந்தவராகவும் இருந்திருக்கலாம்.)

3

ஒரு நாள் ஆம்ப்ரோஸ், “அந்த வீட்டுல நாம எல்லாரும் சந்தோஷமாத்தான் இருந்தோம்” என்றார்.

எனிட் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலை, அவர் எழுவதற்குள், சட்டத்திலிருந்து ஓவியத்தை வெட்டியெடுத்து அடுப்பில் போட்டாள். வெறும் சட்டத்தைத் திரும்ப மாட்டினாள்.

மாலையில் வழக்கம்போலக் கேட்டார்.

“மேல்மாடி ஜன்னல்ல அம்மா நிக்கிறா” என்றாள்.

“அதுல ஆளே கிடையாதே.”

“இருக்கா. கண்ணாடியில கைய வச்சிக்கிட்டு உன்னையே பாக்குறா.”

“எனிட், வேணாம்.”

“கண்ணு இருந்தப்ப நீ அண்ணாந்து பாக்கல.”

அவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். தடவித் தடவி வந்தார். சட்டத்தின் ஓரம் கையில் பட்டது. விரல்கள் உள்ளே போயின. சுவர்.

4

அவர் அழுததாக ஒரு முடிவு எழுதினேன். எனிட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியதாக இன்னொன்று. இரண்டிலும் யாரோ ஒருவருக்கு நிம்மதி கிடைத்துவிடுகிறது. கிழித்துவிட்டேன்.

சுவரில் கையை வைத்தபடி அவர் வாயைத் திறக்கிறார். எனிட் காத்திருக்கிறாள். எந்தச் சொல்லைச் சொன்னால் அவள் மன்னிப்பாளோ, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அகப்படவில்லை.