கன்னத்தில் ஒதுங்கிய மாத்திரை

ஈரப் பஞ்சுக் குச்சியால் அப்பாவின் வாயைத் துடைத்தபோது கன்னத்தின் உட்புறம் ஏதோ தட்டுப்பட்டது. டோர்ட்டே விரலை விட்டு நோண்டி எடுத்தாள். பாதி கரைந்த மாத்திரை. உள்ளிருந்த பழுப்புத் தூள் அவள் கையுறையில் சேறாக அப்பிக்கொண்டது.

இனி இவரால் எதையும் விழுங்க முடியாது என்று நேற்றே நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தண்ணீரைக்கூடப் பஞ்சில் தொட்டுத்தான் வைக்கிறார்கள்.

“யார் குடுத்தது இத?”

கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி டோர்ஸ்டன் தோளைக் குலுக்கினான். வாசற்படியில் நின்ற அம்மா இர்ம்கார்ட் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

“நான்தான்.”

“மூச்சுக்குழாயில போயிருந்தா?”

“போகலல்ல.” அலமாரியில் துண்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். “எல்லாம் உன் மீன் மருந்துதான்.”

பாட்டிலில் காளான் படம். கீழே பச்சை எழுத்தில் ‘நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தூண்டும்’. டோர்ட்டேவுக்குக் காது சூடானது. வளர்ச்சிக் காரணி என்ற சொல்லை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

கிறிஸ்துமஸ் விருந்தில், உருளைக்கிழங்கு சாலட்டுக்கு நடுவே, அம்மா கேட்டாள் என்று, தான் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் கதையை அளந்திருந்தாள். வரிக்குதிரை மீனின் மூளையில் ஊசியால் ஒரு குத்து. வளர்ந்த மீன்தான், குஞ்சு அல்ல. மனிதனுக்கானால் அந்த இடம் தழும்பாகி முடிந்துபோகும். மீனுக்கோ, வளர்ச்சிக் காரணிகள் செய்தி கொண்டுபோய், தூங்கிக் கிடக்கும் தாய்ச் செல்களைத் தட்டி எழுப்பும். அவை பெருகிப் புது நரம்பாகி ஓட்டையை அடைத்துவிடும். அறுவை சிகிச்சை முடிந்து தலையில் தையலோடு உட்கார்ந்திருந்த அப்பா, “அடுத்த தடவ மீனாப் பொறந்துக்கறேன்” என்று சிரித்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கதையின் மறுபாதியை யாரால் சொல்ல முடியும்?

இப்போது சொன்னாள், ஆத்திரத்தோடு.

“மூளை வளராமப் போய் அப்பா படுக்கலம்மா. வளந்து படுத்திருக்கார். மீனுக்குக் காயம் ஆறினதும் அந்தச் செய்தி வாய மூடிக்கும், செல்லும் திரும்பத் தூங்கிடும். இவர் தலைக்குள்ள அது அடங்கவே இல்ல. வளரு வளருன்னு கத்திக்கிட்டே இருக்கு. அதுதான் அந்தக் கட்டி. அதுக்குப் போய் நீ...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

“இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றான் டோர்ஸ்டன். “மீனுக்கெல்லாம் மூளை வளத்து விடற. சொந்த அப்பனுக்குன்னா ஒரு பிரசங்கம்.”

“நீ அன்னிக்கு சாசேஜ் மென்னுக்கிட்டுத்தான இருந்த? வாயத் தொறந்து ஒண்ணு கேட்டியா?”

“கேட்டா பதில் சொல்ற மூஞ்சியா உனக்கு?”

“மாசத்துக்கு ஒருதடவ பூவோட வந்துட்டுப் போறவன் பேசாத.”

கட்டிலுக்கு இருபுறமும் நின்று, அவர் உடம்புக்கு மேலாகவே கத்திக்கொண்டார்கள்.

“கத்தாதீங்க,” என்றாள் அம்மா. “மூச்சு இல்ல.”

அப்பா ஃபோல்க்மாரின் வாய் பஞ்சுக்குத் திறந்தபடியே இருந்தது. இத்தனை மாதங்கள் அம்மாவும் மகளும் மாற்றி மாற்றிக் கண்விழித்துக் காத்திருந்த அந்தக் கடைசி நேரத்தைச் சண்டையில் கோட்டை விட்டார்கள்.

அம்மா போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள். உயிர் வெளியே போக வழிவிடுவதுதான் அந்த ஊர்ச் சாவு வீட்டில் முதல் வேலை. கீழே தெருவில் டிராம் மணியடித்துக்கொண்டு திரும்பியது. டிரெஸ்டன் நகரில் அப்பா காலமெல்லாம் டிராம் ஓட்டிய தடம் அது. வெளியே பார்த்தபடியே அம்மா கேட்டாள்:

“அப்போ நான்தான் அத வளத்தேனா?”

ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகும் ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்று எழுதுகிறவள் டோர்ட்டே. இந்தத் தூள் மூளைவரை போகுமா, போனாலும் அந்தக் கட்டி அதைச் சட்டை செய்யுமா, யாருக்குத் தெரியும்? பாட்டிலில் அதை அச்சடித்தவனுக்குத் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. அவர்கள் மேல் வந்த கோபம், என்ன குத்தினாலும் ஆறித் தொலைக்கிற மீன்கள் மேலும் வந்தது.

“இல்ல,” என்றாள்.

“உனக்குப் பொய் சொல்ல வராதுடி.”

“வெறும் காளான் பொடிம்மா. சூப்புல போடறதுதான்.”

அம்மா திரும்பவில்லை.

டோர்ட்டே கையுறையைக் கழற்றி எறிந்தாள். “இங்க பாரு,” என்று பாட்டிலைக் கவிழ்த்து, உள்ளங்கையில் விழுந்ததையெல்லாம் அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். வறண்ட வாய். மாத்திரைகள் தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தன. இருமினாள், கண்ணில் நீர் முட்டியது.

அம்மா ஜன்னலை விட்டு வந்தாள். பஞ்சு தொட அப்பாவுக்கென்று தண்ணீர் ஊற்றி வைத்திருந்த கெண்டிமூக்குக் கோப்பையை எடுத்து மகளின் உதட்டில் வைத்துச் சாய்த்தாள்.

“மெதுவா,” என்றாள். “கொஞ்சங் கொஞ்சமா முழுங்கு.”