வேலுமணி அழுத்திய பட்டன்

"கையை எடுங்க மாமா. அந்தப் பட்டனைத் தொட்டீங்கன்னா நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன்."

"இருக்கச் சொல்லி நானா கட்டி வெச்சிருக்கறேன்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா ஆகாத மெசினு எங்க அம்மணி இருக்குது?"

காலை எட்டரை மணிக்கு வேலுமணி வீட்டு ஜன்னல் வழியே இது தெருவுக்கு வந்தது. எதிர்வீட்டு ராசாத்தி, ஏற்கெனவே பெருக்கி முடித்த வாசலை மறுபடி பெருக்க ஆரம்பித்தாள். மாமனாரும் மருமகளும் தனியாக இருக்கும் வீடு. அங்கே ஒரு டம்ளர் விழுந்தால்கூட இந்தத் தெருவுக்குக் கேட்டாக வேண்டும்.

வேலுமணி முப்பது வருடம் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வடக்கே ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். கம்ப்ரசர் இருமினாலும், லாரி முனகினாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எஞ்சினை நிறுத்து, ஒரு பீடி பிடி, மறுபடி எடு. பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபோது மட்டும்தான் அது பலிக்கவில்லை என்று தெருவில் சொல்வார்கள், அவர் காதுபடாமல்.

இப்போது தகராறு, செத்துப்போன மகனின் லேப்டாப்பைப் பற்றி.

ஜெகதீஸ்வரன் வீட்டு பிளான் வரைகிற இன்ஜினியர். லேப்டாப்பின் சொந்தத் திரை எப்போதோ உடைந்துவிட்டது. பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கி அதில் கோத்து வேலை பார்த்தான். பதினோரு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று லேப்டாப்பைத் தூங்கப் போட்டுவிட்டுக் கிளம்பினான். சங்ககிரி ரோட்டில் லாரி மோதியது. அவனோடு போனும் நொறுங்கியது.

மிச்சம் இருந்தது அந்தத் திரைதான். தூக்கத்திலிருந்து எழுப்பினால் பாஸ்வேர்டு கேட்காமல் அவன் விட்ட இடத்திலேயே வந்து நிற்கும். பாதி வரைந்த பிளான், வலது மூலையில் மஞ்சள் சீட்டு மாதிரி ஒரு குறிப்பு. அன்றைக்குச் செய்யவேண்டியதை அவன் தட்டி வைத்தது. அவன் மனைவி மதுமதி தினமும் காலையில் எழுப்பிப் பார்ப்பாள், மறுபடி தூங்கப் போடுவாள். ஒரேயடியாக அணைத்து எடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும், அது யாருக்கும் தெரியாது. அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அறிவு, அப்டேட் என்று தானாக அணைந்து எழாமல் இருக்க நெட்டைத் துண்டித்துக் கொடுத்திருந்தான். கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டரும் போட்டாள். வேலுமணி அதுவரை ஒரு நாளும் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. பைத்தியக்காரத்தனம் என்பார்.

அன்று காலை லேப்டாப் எழுந்தது, விளக்கு எரிந்தது, மானிட்டர் மட்டும் எழவில்லை. சிக்னல் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கறுத்துப்போனது. போனில் அறிவு சொன்னபடி மானிட்டரின் வயரைப் பிடுங்கி, நூறு எண்ணி, மறுபடி சொருகினாள். கீபோர்டில் நாலு பட்டனைச் சேர்த்து அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. வேறு கேபிள் போட்டுப் பார்க்கலாம், அதுவரைக்கும் லேப்டாப் பவர் பட்டனை மட்டும் தொடாதீங்க என்றான். அவனைக் கையோடு கூட்டிவர மதுமதி ஸ்கூட்டியை எடுத்தாள். போகும்போது மாமனாரை ஒரு பார்வை பார்த்தாள். அதை ராசாத்தி நன்றாகப் பார்த்தாள்.

பத்து நிமிடம் வேலுமணி தனியாக இருந்தார்.

பாஸ்வேர்டு என்றால் கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிட்டுப் போகிறான் என்பது அவர் கணக்கு. சரிசெய்து காட்டவேண்டும் என்ற வீம்பு ஒரு பக்கம். இந்தப் பெட்டி தொலைந்தாலாவது இருபத்தேழு வயசுப் பிள்ளை வேறு வாழ்க்கை பார்க்குமே என்ற நினைப்பு இன்னொரு பக்கம். எது விரலை நகர்த்தியது என்று பிற்பாடு அவருக்கே பிடிபடவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்தார். விளக்கு அணைந்தது. பழக்கதோஷம், ஒரு பீடி பிடித்தார். மறுபடி அழுத்தினார்.

மானிட்டர் பளிச்சென்று வந்தது. அத்தனை பெரிய வெளிச்சத்தில் மகன் பெயர், அதன் கீழே காலியாக ஒரு கட்டம்.

ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் வாசலுக்கே வந்து, "வந்திருச்சு அம்மணி" என்றார்.

மதுமதி உள்ளே போனாள், பார்த்தாள், ஹெல்மெட்டைக் கட்டில் மேல் வைத்தாள். தேவைப்படாத கேபிளோடு அறிவு கதவருகிலேயே நின்றான். பெரிய சண்டைக்கு ஆயத்தமாக இருந்த தெருவுக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. ராசாத்தி துடைப்பத்தை மூலையில் சாத்தினாள்.

கல்யாணத் தேதியைத் தட்டிப் பார்த்தார்கள், பிறந்த நாளைத் தட்டிப் பார்த்தார்கள். கம்பெனிக்குப் போட்ட போனில் இந்தியில் ஒருத்தி மன்னிப்புக் கேட்டாள். உள்ளே இருக்கும் டிஸ்க்கை அறிவு கழற்றிப் பார்த்தான். அதற்கும் ஒரு பூட்டு. தப்பாக நிறையத் தட்டினால் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டுப் போனான். அதனால் ஒரு நாளைக்கு ஒன்று என்று வேலுமணி வைத்துக்கொண்டார். பெண்டாட்டி பெயர். மலைக்கோயில் சாமி பெயர். முதல் ரிக் லாரியின் நம்பர்.

பத்து நாளில் அவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. மகனுக்கு என்ன பிடிக்கும், யார் சிநேகிதன், சின்ன வயசில் எதற்குப் பயப்படுவான்? அவன் பள்ளிக்கூடம் போன வருடங்களில் எல்லாம் இவர் ராய்ச்சூரிலும் ராய்ப்பூரிலும் துளை போட்டுக்கொண்டிருந்தார். எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

ஒரு மாதம் கழித்து ஆட்டையாம்பட்டியிலிருந்து மதுமதியின் அப்பா மறுபடியும் அவளைக் கூட்டிப்போகக் காரோடு வந்தார். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. துணிப் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அந்த மஞ்ச சீட்டு எனக்கு மனப்பாடம்ங்க மாமா. தெனமும் பாத்தனில்லீங்களா. நீங்கதான் பாக்கவே இல்ல."

"என்ன சாமி எழுதியிருந்தான்?"

"சங்ககிரி பிளான்ல கெழக்கு ஜன்னல் மாத்தோணும். கேஸ் புக் பண்ணோணும். என்னைப் பல் டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போகோணும். கடைசில, அப்பாவுக்குக் கண்ணாடின்னு இருந்துச்சுங்க."

வேலுமணி தலையை ஆட்டினார். கார் திரும்பும் வரைக்கும் ஆட்டிக்கொண்டே நின்றார் என்று ராசாத்தி சொல்கிறாள். அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள், ஆனால் இதைக் கூட்டவில்லை.

அடுத்த தையில் மதுமதிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை, அவருக்கும் இது இரண்டாவது. சூரமங்கலத்தில் குடியிருக்கிறார்கள். வேலுமணி தாலி கட்டி முடிகிறவரை இருந்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். அறிவும் கடையைச் சேலத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

வேலுமணி எங்கும் போகவில்லை. தினமும் காலையில் அந்த அறைக்குப் போய் ஒன்று தட்டுகிறார். மானிட்டர் இப்போதெல்லாம் தொட்டதும் எழுந்துகொள்கிறது, ஒரு நாள்கூடத் தகராறு இல்லை. எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று முகத்தைத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோகிறார். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்க அண்ணா என்று ராசாத்தி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பேச்சை மாற்றிவிட்டார்.