ஏழாம் நம்பரின் வலது பக்கம்

கண்ணாடிக்காரர் துணியை உருவியதும் பல்லுக்காரரின் கண் நேராக அந்தத் தப்பில்தான் போய் விழுந்தது. சாப்பாட்டு மேசையின் நடுவே, முழங்கை நீளத்தில், பித்தளை மினுமினுக்க நின்றிருந்தது ஏழாம் நம்பர் இஞ்சின். ஒரு காலத்தில் குறுகிய பாதையில் ஓடிக்கொண்டிருந்த நீராவி இஞ்சினின் மாதிரி. கொதிகலனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். மேசையைச் சுற்றிப் போய்ப் பார்த்தால், இடது தொட்டியில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் வரிசை பிசகாமல் ஓடின. அவர் பக்கம் பார்த்திருந்த வலது தொட்டியோ மழமழவென்று இருந்தது. பேருக்குக்கூட ஒரு ரிவெட் இல்லை. பாதி மீசையை மட்டும் மழித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல் இருந்தது.

தப்பு எப்படி நடந்திருக்கும் என்பதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஏழாம் நம்பரின் தொட்டிகள் ரிவெட் அடித்தவை. பின்னால் வந்த எட்டாம் நம்பரின் தொட்டிகள் வெல்டிங் செய்தவை. மற்றபடி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மனுஷன் இடது பக்கத்துக்கு ஏழாம் நம்பரின் படத்தையும் வலது பக்கத்துக்கு எட்டாம் நம்பரின் படத்தையும் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். இப்படி ஊரில் இல்லாத இஞ்சினைப் பெற்றுப்போடுவது இந்தத் தொழிலில் யாருக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் நேர்ந்துவிட்டால் ஆயுசுக்கும் கிண்டல் ஓயாது.

"சொல்லுங்க சம்பந்தி," என்றார் கண்ணாடிக்காரர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கப் போகும் பையன்போல் குதிகாலை உயர்த்தி உயர்த்தி நின்றார். "இன்னும் பெயிண்ட் அடிக்கல. என்ன இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க."

அது அவர்களுக்குள் இருந்த சட்டம். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எதிராளி என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம், கத்தலாம், மேசையைக்கூடத் தட்டலாம். பெயிண்ட் அடித்தபின் பாராட்டு மட்டும்தான். பல்லுக்காரருக்குப் பல்செட் செய்து கொடுக்கிற பட்டறை. பல்லுக்கு மெழுகில் அச்சு எடுக்கிற மாதிரியே இஞ்சினின் நீராவிக் குமிழுக்கும் அச்சு எடுத்து வார்ப்பார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மற்றவரோ கண்ணாடிச் சட்டத்தின் பொடி ஸ்க்ரூக்களை இஞ்சினுக்கு போல்ட்டாக மாட்டிவிடுவார். தன் பெண்ணுக்கு அவர் பையனைப் பார்க்கப் போன அன்றைக்கே இருவருக்கும் இந்தக் கிறுக்கு இருப்பது தெரிந்து, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்க மறந்து வீடு திரும்பியவர் பல்லுக்காரர்.

பல்லுக்காரர் வாயைத் திறந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலிலேயே மறித்துக் கெஞ்சியிருந்தாள். "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இருங்க. போன தடவை நீங்க ரெண்டு பேரும் புகைபோக்கிக்காகப் போட்ட சத்தத்துல அத்தை அழுதுட்டாங்க. உங்கப்பாவுக்கு இவரைக் கண்டாலே ஆகாதான்னு என்னைக் கேக்கறாங்க. நான் இந்த வீட்டுல வாழணும்ப்பா."

நியாயம்தானே. பெண்ணைக் கொடுத்த இடம். ஒரு தொட்டி பெரிதா, மகள் பெரிதா? பல்லுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு குறையும் இல்லைங்க. ரொம்பப் பிரமாதம்."

கண்ணாடிக்காரரின் குதிகால் கீழே இறங்கியது. "நல்லாப் பாத்தீங்களா? ரெண்டு பக்கமும்?"

"பாத்தேன். அற்புதமா இருக்கு."

"அப்படிங்களா," என்றார் அவர். துணியை எடுத்து இஞ்சின்மேல் மூடினார். "டீ சாப்பிடுங்க. ஆறிடப்போகுது." அதற்குப் பிறகு அவர் வெயிலைப் பற்றிப் பேசினார். விலைவாசியைப் பற்றிப் பேசினார். போகும்போது தெருமுனைவரை வந்து வழியனுப்பினார். வீட்டு வாசலில் பார்த்தவர்கள் எல்லோரும் என்ன மரியாதையான சம்பந்தி என்று நினைத்திருப்பார்கள். பல்லுக்காரருக்கு மட்டும் அந்த மரியாதை உறுத்தியது.

பிறகு கண்ணாடிக்காரரிடமிருந்து போனே வரவில்லை. வழக்கமாக ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுகிற ஆள். வாடிக்கையாளர் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது, "யோவ் சம்பந்தி, எட்டாம் நம்பர் விளக்கு உருண்டையா சதுரமா?" என்று கேட்கிற ஆள். இவராகக் கூப்பிட்டால், "நல்லா இருக்கீங்களா? வீட்ல சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். அந்த "நல்லா இருக்கீங்களா" பல்லுக்காரரைக் கொன்றது. கூட்டாளியைப் பறிகொடுத்துவிட்டு வெறும் சம்பந்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியில் மகளே கூப்பிட்டாள். "அப்பா, மாமா அந்த இஞ்சினைத் தொடவே மாட்டேங்கறார். பெயிண்ட் டப்பாவைக்கூடத் திறக்கல. அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலையேம்மா. நீதானே சொல்லக்கூடாதுன்ன."

"இப்ப வீடு ரொம்ப அமைதியா இருக்குப்பா," என்றாள். "எனக்கே பயமா இருக்கு."

மறுநாள் மத்தியானம் பல்லுக்காரர் பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினார். நிஜ ஏழாம் நம்பர் இஞ்சின் இன்னும் உயிரோடு இருந்தது. பழைய ரயில் பட்டறையின் மதிலை ஒட்டி, மேடை கட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள். இடது பக்கம் தெருவைப் பார்த்து இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இவரும் அப்படித்தான் எடுத்திருந்தார். வலது பக்கத்தை மதில் மறைத்தது. மறைத்தால் என்ன, வரைபடத்தில்தான் இருக்கிறதே என்று இவர் முன்பே செய்த ஏழாம் நம்பர் மாதிரிக்கு இரண்டு பக்கமும் ரிவெட் அடித்து, பெயிண்டும் அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று.

எதற்காக வந்தோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. மனது சரியில்லாதவர்கள் கோயிலுக்குப் போவதில்லையா, அதுமாதிரிதான். தெருப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயிற்றை எக்கிக்கொண்டு மதிலுக்கும் இஞ்சினுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்தார். சிலந்தி வலை முகத்தில் ஒட்டியது. தொட்டியைக் கையால் தடவினார்.

மழமழவென்று இருந்தது.

இன்னொரு முறை தடவினார். ஒரு ரிவெட் இல்லை. எட்டாம் நம்பரைப் பழைய இரும்புக்கு உடைத்துப்போட்டபோது அதன் தொட்டியைக் கழற்றி இதற்கு மாட்டியிருக்கிறார்கள். மகராசன் கண்ணாடிக்காரர் இந்தச் சந்துக்குள் என்றைக்கோ நுழைந்திருக்கிறார். பார்த்ததை வெளியே சொல்லாமல், அப்படியே ஒரு இஞ்சின் செய்து, மேசைமேல் வைத்து, சம்பந்தி குதிப்பார், தப்பு என்று கத்துவார், காதைப் பிடித்து இங்கே இழுத்துவந்து காட்டலாம் என்று மாசக்கணக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் என்ன செய்தேன்? பிரமாதம் என்றேன். பல்லுக்காரருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போனை எடுத்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பித்தது மறுமுனை.

"யோவ் சம்பந்தி! வலது தொட்டியில கீழ் மூலையில ஒரு ஒட்டு இருக்கு. சின்னத் தகடு. உங்க இஞ்சின்ல அது எங்கே?"

"எங்க இருக்கீங்க?"

"இஞ்சினுக்கும் மதிலுக்கும் நடுவுல."

"அங்க ஒட்டெல்லாம் கிடையாது. நான் டார்ச் அடிச்சுப் பாத்தேன்."

"கைய வச்சுட்டுப் பேசறேன். இருக்கு."

"அப்ப அன்னிக்கே ரிவெட் இல்லைன்னு பாத்துட்டீங்க."

"துணியை எடுத்ததுமே பாத்தேன்."

"பின்ன ஏன்யா சொல்லல?"

"பொண்ணக் கொடுத்த இடமாச்சே…"

"பொண்ணக் கொடுத்தா கண்ணையும் சேத்தா கொடுத்துட்டீங்க?" என்று கண்ணாடிக்காரர் கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டுப் பல்லுக்காரருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. "பாத்தும் சொல்லலேன்னா நான் யாரு உங்களுக்கு? அங்கேயே இருங்க. நகரக்கூடாது. வர்றேன்."

கண்ணாடிக்காரர் மாப்பிள்ளையின் காரில் வந்து இறங்கினார். நேராகச் சந்துக்குள் நுழைந்தார். அந்தச் சந்துக்கு மறுவழி கிடையாது. வயிறு பெருத்த இரண்டு பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, தொட்டியின் கீழ் மூலையை வெறித்தார்கள்.

"இதுவா? இது பெயிண்ட் உரிஞ்சிருக்கு."

"ஒட்டு."

"கண்ணாடி மாத்தணும் உங்களுக்கு. நாளைக்குக் கடைக்கு வாங்க."

"சுரண்டித்தான் பாருங்களேன்."

சந்தின் வாயில் மகளின் தலை தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை. "அப்பா! மாமா! சண்டையா போடறீங்க?"

"ஆமா!" என்றார்கள் இருவரும்.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா," என்றார் கண்ணாடிக்காரர், திரும்பிப் பார்க்காமல். "அத்தைகிட்ட நாங்க வர நேரமாகும்னு சொல்லு."

அவள் போகவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்காரர் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். கறுப்பு உதிர்ந்தது. அதன் கீழே பச்சை. பச்சையும் பொடிப்பொடியாக அவர் சட்டைமேல் கொட்டியது. அதற்கும் கீழே, எந்தப் படத்திலும் எந்த வரைபடத்திலும் இருவரும் பார்த்திராத ஒரு நீலம், நக அகலத்துக்கு எட்டிப் பார்த்தது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலைகள் முட்டிக்கொண்டன. வலித்ததாக யாரும் சொல்லவில்லை.